இ.பி.எஸ் அளவு எந்த வெப்பநிலையிலும் மாறவில்லை: ஊடகமா, ஸ்ட்ரெயினா, அளவீடா?

வளர்தட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லாக்டிக் பாக்டீரியா செல்லுக்கு வெளியே விடும் பாலிசாக்கரைடை (இ.பி.எஸ், நீண்ட சர்க்கரைச் சங்கிலி) அளக்கிறேன். ஸ்ட்ரெயின்: லாக்டோபாசில்லஸ் ரம்னோசஸ் (இப்போது லாக்டிகேசிபேசில்லஸ் என்கிறார்கள்). ஊடகம்: எம்.ஆர்.எஸ் பிராத் (லாக்டிக் பாக்டீரியாவுக்கான வழக்கமான திரவ ஊடகம்), குளுக்கோஸ் 20 கி/லி. 30, 37, 42 °செ. மூன்றிலும் 24 மணி நேரம், ஷேக்கர் இல்லாமல். செல்களை சென்ட்ரிஃப்யூஜில் இறக்கி, மேல்நீரில் 3 பங்கு குளிர்ந்த எத்தனால் ஊற்றி, இரவு முழுக்க 4 °செ.யில் வைத்து, வீழ்படிவை நீரில் கரைத்து ஃபினால்-சல்ஃபூரிக் முறையில் (மொத்தச் சர்க்கரையை நிறத்தால் அளப்பது) அளவு. பிளாங்காக, அதாவது கழிப்பதற்கான வெற்று மாதிரியாக, வெறும் தண்ணீர்.

விடை மூன்றிலும் ஏறக்குறைய 300 மி.கி/லி. 42-ல் வளர்ச்சி பாதிகூட இல்லை, ஆனாலும் அதே எண். வெப்பநிலை இந்த ஸ்ட்ரெயினை பாதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அடுத்து எதை மாற்றிப் பார்க்க வேண்டும்: பி.எச், சர்க்கரை, நைட்ரஜன்?

---

மையவிலக்கு எழுதியது:

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வளர்ச்சி பாதியாகியும் எண் அசையவில்லை என்றால், அந்த எண்ணில் பெரும்பகுதி பாக்டீரியாவிலிருந்து வரவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எம்.ஆர்.எஸ்-ல் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பெப்டோன் 10 கி, பீஃப் எக்ஸ்ட்ராக்ட் 8 முதல் 10 கி, யீஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 4 முதல் 5 கி. இந்த யீஸ்ட் எக்ஸ்ட்ராக்டில் ஈஸ்டின் செல் சுவரிலிருந்து வந்த மன்னான் இருக்கிறது. அதுவும் பாலிசாக்கரைடுதான். எத்தனாலில் விழும், டயாலிசிஸ் பையிலிருந்து (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) வெளியேறாது, ஃபினால்-சல்ஃபூரிக்கில் ஆரஞ்சு நிறமும் தரும். நீங்கள் தேடும் பொருளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் படி எதுவும் உங்கள் முறையில் இல்லை.

சோதனை எளிது. பாக்டீரியா ஊற்றாத அதே பேட்ச் எம்.ஆர்.எஸ் 50 மி.லி எடுங்கள். பி.எச்-ஐ லாக்டிக் அமிலத்தால் 4.2-க்குக் கொண்டுவந்து, அதே சென்ட்ரிஃப்யூஜ், அதே எத்தனால், அதே இரவு. காலையில் பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும். அதையும் கரைத்து அளந்து, கல்ச்சர் அளவிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் பேசத்தக்க எண். தண்ணீர் பிளாங்க் ரீஏஜென்டின் நிறத்தை மட்டுமே கழிக்கும்.

இன்னொன்று: குளுக்கோஸ் முழுவதும் செலவாகித் தீராத கல்ச்சரில் எஞ்சியது வீழ்படிவின் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். 42 °செ. குப்பியில்தான் குளுக்கோஸ் அதிகம் மிஞ்சியிருக்கும். வளர்ச்சி குறைந்தும் எண் குறையாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அளப்பதற்கு முன் டயாலிசிஸ் கட்டாயம்: 12–14 கிலோடால்டன் பை, 4 °செ., 2–3 நாள், தினம் இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

எம்.ஆர்.எஸ்-ல் எடுத்த இ.பி.எஸ் எண் எந்தக் கட்டுரையில் வந்தாலும், பிளாங்க் எது என்றுதான் முதலில் தேடுவேன். பல இடங்களில் அந்த வரியே இருக்காது.

---

வளர்தட்டு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. கழிப்பதைவிட மன்னான் இல்லாத ஊடகத்துக்கே மாறிவிடுவது நல்லதா?

---

மையவிலக்கு எழுதியது:

ஆம். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து சிறிய எண்ணை எடுத்தால் பிழைதான் மிஞ்சும். இரண்டு வழிகள்.

ஒன்று, அரை-வரையறு ஊடகம். ஒரு லிட்டருக்கு: குளுக்கோஸ் 20 கி, காசிட்டோன் (செரித்த கேசின்) 10 கி, யீஸ்ட் நைட்ரஜன் பேஸ் 5 கி, டைபொட்டாசியம் பாஸ்ஃபேட் 2 கி, சோடியம் அசிட்டேட் 5 கி, அமோனியம் சிட்ரேட் 2 கி, மக்னீசியம் சல்ஃபேட் 0.1 கி, மாங்கனீஸ் சல்ஃபேட் 0.05 கி, ட்வீன் 80 1 மி.லி. யீஸ்ட் நைட்ரஜன் பேஸ் என்பது வைட்டமின், உப்புக் கலவை. அதில் மன்னான் கிடையாது. வளர்ச்சி எம்.ஆர்.எஸ்-ஐவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதை எதிர்பார்த்து நேரத்தை நீட்டுங்கள்.

இரண்டு, எம்.ஆர்.எஸ்-ன் பெப்டோன், எக்ஸ்ட்ராக்ட் பகுதியை மட்டும் கரைத்து 10 கிலோடால்டன் அல்ட்ராஃபில்டரில் கடத்தி, கீழே இறங்கியதை மட்டும் பயன்படுத்துவது. பெரிய மூலக்கூறுகள் மேலே நின்றுவிடும். ஃபில்டர் அடைபடும், பொறுமை வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பாக்டீரியா ஊற்றாத பிளாங்க் ஒவ்வொரு பேட்சுக்கும் உண்டு.

---

பெர்மென்டர்காரன் எழுதியது:

மையவிலக்கு சொன்னதோட ஒத்துப்போறேன். அதுக்கு மேல ஒரு கேள்வி. 24 மணிங்கிறதை யார் முடிவு பண்ணினது? 37-ல 24 மணிக்கு கல்ச்சர் நிலைக்கட்டத்துக்கு (வளர்ச்சி நின்ன கட்டம்) போய் பல மணி நேரம் ஆகியிருக்கும். 30-ல இன்னும் ஏறிட்டே இருக்கலாம். ஒரே மணி நேரத்துல வெட்டி எடுத்து ஒப்பிட்டா வெப்பநிலையை ஒப்பிடலை, வளர்ச்சிக் கட்டத்தை ஒப்பிடறீங்க.

6, 12, 18, 24, 36, 48 மணிக்கு எடுங்க. ஒவ்வொண்ணிலயும் ஓ.டி 600 (கலங்கல் அளவு), பி.எச், எஞ்சின சர்க்கரை, செல் உலர் எடை, இ.பி.எஸ். கடைசியில ரெண்டு எண் போடணும்: லிட்டருக்கு எத்தனை மி.கி, செல் உலர் எடை கிராமுக்கு எத்தனை மி.கி. வெப்பநிலை குறையறப்போ மொத்தம் குறைஞ்சு, செல் ஒண்ணுக்கான அளவு கூடும்னு பல ஸ்ட்ரெயின்ல பார்க்கலாம். ஒரு எண்ணை மட்டும் போட்டா பாதிக் கதைதான்.

சாம்பிள் எடுத்த உடனே 95–100 °செ. தண்ணீர்ல 10–15 நிமிஷம் வைங்க. ரெண்டு லாபம். செல்லோட ஒட்டியிருக்கிற கேப்சூல் (உறை) பாலிசாக்கரைடு கொஞ்சம் கழண்டு வரும். அதைவிட முக்கியம், பாலிசாக்கரைடை உடைக்கிற கிளைக்கோஹைட்ரோலேஸ் நொதி செத்துடும். அது உயிரோட இருந்தா ஃபிரிட்ஜ்ல வெச்ச சாம்பிள்லகூட மெதுவா தின்னுட்டு இருக்கும். 24-ல இருந்து 48 மணிக்குள்ள இ.பி.எஸ் இறங்குதுன்னா பெரும்பாலும் இதுதான் காரணம்.

---

இழைநூல் எழுதியது:

ஒரு படி பின்னால் போவோம். எந்த வகை பாலிசாக்கரைடு?

லாக்டிக் பாக்டீரியா இரண்டு விதமாகச் செய்கிறது. நிலைமைகளை மாற்றும் உத்தி இரண்டுக்கும் நேரெதிர்.

ஹோமோ வகை (ஒரே சர்க்கரையின் சங்கிலி): டெக்ஸ்ட்ரான், ரியூட்டரான், லெவான், இனுலின். செல்லுக்கு வெளியே ஒரே ஒரு நொதி, சுக்ரோஸை உடைத்து அந்த உடைப்பின் ஆற்றலிலேயே சங்கிலியை நீட்டும். செல் தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி-ஐச் செலவழிக்காது. அதனால் லிட்டருக்குப் பல பத்து கிராம்கூட வரும்.

ஹெட்டெரோ வகை: குளுக்கோஸ், காலக்டோஸ், ரம்னோஸ் போன்றவை கலந்த அலகு. செல்லுக்குள்ளே நியூக்ளியோடைடு சர்க்கரையாகத் தயாராகி, சவ்விலிருக்கும் லிப்பிட் தாங்கியின் மேல் அடுக்கப்பட்டு, வெளியே தள்ளப்பட்டு கோக்கப்படுகிறது. சாதாரணமாக லிட்டருக்கு 50–600 மி.கி. ஒரு கிராமைத் தாண்டும் ஸ்ட்ரெயின் அபூர்வம்.

உங்களுடையது ரம்னோசஸ், குளுக்கோஸில் வளர்கிறது. எனவே ஹெட்டெரோ. ஆனால் சுக்ரோஸ் 5% ஊற்றிய அகார் தட்டில் ஒருமுறை பரப்பிப் பார்த்துவிடுங்கள். தட்டு முழுக்கக் கொழகொழவென்று வழிந்தால் கேள்வியே மாறிவிடும்.

---

கார்பன்பாதை எழுதியது:

இழைநூல் சொன்னதன் கணக்கைப் போட்டால் வளர்ச்சி நிலைமைகள் ஏன் வேலை செய்கின்றன என்பது புரியும்.

ஒரு குளுக்கோஸ் லாக்டிக் அமிலமாகப் போனால் செல்லுக்கு 2 ஏ.டி.பி வரவு. அதே குளுக்கோஸ் யு.டி.பி-குளுக்கோஸாக (இழைநூல் சொன்ன நியூக்ளியோடைடு சர்க்கரை) போனால் வரவு இல்லை, 2 செலவு: ஒன்று பாஸ்ஃபேட் ஏற்ற, ஒன்று யு.டி.பி மாட்ட. பிரியும் இடம் குளுக்கோஸ்-6-பாஸ்ஃபேட். பாஸ்ஃபோகுளுக்கோமியூடேஸ் அதை 1-பாஸ்ஃபேட்டாக மாற்றினால் பாலிசாக்கரைடு பக்கம், இல்லையென்றால் கிளைக்கோலிசிஸ். 20 கி/லி குளுக்கோஸில் 200 மி.கி இ.பி.எஸ் என்றால் கார்பனில் சுமார் 1% மட்டுமே அந்தப் பக்கம் திரும்புகிறது. ஆகவே சர்க்கரையை 20-லிருந்து 40 ஆக்கினால் இ.பி.எஸ் இரட்டிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கார்பன் பஞ்சத்தால் அது குறையவில்லை.

சர்க்கரையின் அளவைவிட வகை முக்கியம். லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் ஃப்ரக்டோஸ் ஃப்ரக்டோஸ்-1,6-பைஃபாஸ்ஃபேட்டாக உள்ளே வந்து சேர்கிறது. அங்கிருந்து மேலே ஏற ஃப்ரக்டோஸ் பைஃபாஸ்ஃபடேஸ் வேண்டும், அதன் செயல்பாடு மிகக் குறைவு. அதனால் வளர்ச்சி ஓரளவு நடந்தும் இ.பி.எஸ் குளுக்கோஸில் கிடைப்பதைவிட வெகுவாகக் குறையும். தயிர்ப் பாக்டீரியாவான பல்காரிக்கஸின் சில ஸ்ட்ரெயின்களில் ஃப்ரக்டோஸுக்கு மாறினால் அளவோடு அலகின் சர்க்கரைச் சேர்மானமும் மாறியதாகப் பதிவு உண்டு. ஊடகத்தை மாற்றும்போது மோனோமர் பகுப்பாய்வையும் (அலகில் எந்தெந்தச் சர்க்கரை என்று பார்ப்பது) திரும்பச் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

இன்னொரு தயிர்ப் பாக்டீரியாவான தெர்மோஃபிலஸ் பெரும்பாலும் லாக்டோஸின் குளுக்கோஸ் பாதியை எரித்துவிட்டு காலக்டோஸை வெளியே துப்பிவிடும். அந்தக் காலக்டோஸ் ஊடகத்தில் கிடக்கிறதே என்று இ.பி.எஸ்-க்குள் போவதில்லை. இ.பி.எஸ்-ல் உள்ள காலக்டோஸ் உள்ளே குளுக்கோஸ் பாதையிலிருந்து எபிமரேஸ் நொதி வழியாகவும் வரலாம்.

---

வளர்தட்டு எழுதியது:

அப்படியானால் வெப்பநிலையைக் குறைத்தால் கூடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பது?

---

கார்பன்பாதை எழுதியது:

அதற்கான பழைய விளக்கம் லிப்பிட் தாங்கி. 55 கார்பன் நீளமுள்ள ஐசோபிரினாய்டு. செல் சுவரின் பெப்டிடோகிளைக்கானும் அதன் மேல்தான் ஏறிப் போகிறது, இ.பி.எஸ் அலகும் அதன் மேல்தான். வண்டி ஒன்று, சரக்கு இரண்டு. வளர்ச்சி மெதுவானால் சுவருக்கான தேவை குறைந்து, வண்டி இ.பி.எஸ்-க்குக் கிடைக்கும். லாக்டோகாக்கஸ் 30-க்குப் பதில் 18–20 °செ.யில் அதிகம் செய்வதற்கு இது பொருந்துகிறது. கேசி, ரம்னோசஸ் குடும்பத்தில் சில ஸ்ட்ரெயின்கள் 25-ல் 37-ஐவிட அதிகம் தருகின்றன.

---

பெர்மென்டர்காரன் எழுதியது:

இதை பொது விதியாக்காதீங்க. தெர்மோஃபிலஸ், பல்காரிக்கஸ் ரெண்டும் வளரும்போதே செய்யற ஆளுங்க. வளர்ச்சியோட சேர்ந்தே ஏறி, வளர்ச்சி நின்னா நிக்கும். அங்க 40–42-லதான் மொத்தம் அதிகம், 30-க்கு இறக்கினா ரெண்டும் போச்சு. மீசோஃபிலிக் (மிதமான சூட்டுல வளர்ற) வகைக்கு எழுதினதை எடுத்து தெர்மோஃபிலிக் (அதிக சூடு விரும்பற) கல்ச்சர்ல போட்டா ஒரு வாரம் வீண்.

நடுவழியும் உண்டு. மீசோஃபிலிக் ஸ்ட்ரெயினை நல்லா வளர்ற வெப்பநிலையில பின்-மடக்கைக் கட்டம் (வேகமா வளர்ற கட்டத்தோட கடைசி) வரை வளர்த்து, பிறகு 20–25-க்கு இறக்கறது. செல் நிறைய இருக்கும், ஒவ்வொண்ணும் மெதுவா வேலை செய்யும். ஆனா அந்த நேரத்துல சர்க்கரை மிச்சம் இருக்கணும், பி.எச் பிடிச்சு வெச்சிருக்கணும். ரெண்டும் இல்லாம இறக்கினா குளிர்ல சும்மா உட்கார்ந்திருக்கும்.

---

கார்பன்பாதை எழுதியது:

ஏற்கிறேன், நான் பொதுவாகச் சொல்லவில்லை. தாங்கிப் போட்டி வளர்ச்சியிலிருந்து பிரிந்த உற்பத்திக்குத்தான் விளக்கம் தருகிறது. தெர்மோஃபிலிக் வகைகளில் நியூக்ளியோடைடு சர்க்கரை நொதிகளின் வேகமே தடையாக இருக்கலாம், அவை வெப்பத்தோடு ஏறும்.

---

பெர்மென்டர்காரன் எழுதியது:

பி.எச் பத்தி யாரும் பேசலையே. வளர்தட்டோட குப்பியில 24 மணிக்கு பி.எச் 4 பக்கம் போயிருக்கும். அதுக்குள்ள செல் வேலையை நிறுத்தியாச்சு. ஹெட்டெரோ வகைக்கு பி.எச்-ஐ நிலையா வைக்கறதே பெரும்பாலும் எல்லா மாற்றத்தையும்விட பெரிய லாபம். தெர்மோஃபிலஸ் 6.2 பக்கம், லாக்டோகாக்கஸ் 5.8 பக்கம், ரம்னோசஸ் 6.0 பக்கம் வெச்சு ஆரம்பிக்கலாம். மேல 6.5-க்குப் போனா செல் கூடும், இ.பி.எஸ் கூடாது.

காரக் கணக்கு: 20 கி குளுக்கோஸ் முழுசா லாக்டிக் அமிலமானா 0.22 மோல். பி.எச் 6-ல ஏறக்குறைய முழுசையும் நடுநிலையாக்கணும். 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுன்னா லிட்டருக்கு 44 மி.லி. அதாவது கல்ச்சர் 4% நீர்த்துப் போகும், கடைசி எண்ணைத் திருத்துங்க. 1 மோலார் போட்டா 220 மி.லி., அப்புறம் எதை ஒப்பிடறது?

காரம் விழற இடத்துல கலக்கல் போதாம இருந்தா அங்க மட்டும் பி.எச் 10-க்கு மேல போய் செல்லைக் கொல்லும். 100 ஆர்.பி.எம் போதும், புரொப்பெல்லர் பக்கத்துல சொட்டணும். கல்ச்சர் தடிக்க ஆரம்பிச்சா எலெக்ட்ரோடு மேல படலம் ஒட்டி பதில் தாமதமாகும், கன்ட்ரோலர் அதிகமா ஊத்தும். பம்ப் துடிப்பைச் சின்னதா வைங்க, துடிப்புக்கு இடையில 20–30 விநாடி விடுங்க.

ஃபெர்மென்டர் இல்லாதவங்க குப்பியில கால்சியம் கார்பனேட் போடறாங்க. வேலை செய்யும், ஆனா ஓ.டி எடுக்க முடியாது, கால்சியம் வீழ்படிவோட வரும். அதுக்குப் பதில் 4–6 மணிக்கு ஒரு தடவை கையால சரிபண்ணறது நல்லது.

---

நைட்ரஜன் எழுதியது:

ஊடகத்தில் நைட்ரஜனைக் குறைத்தால் இ.பி.எஸ் கூடும் என்று நினைப்பவர்களுக்கு: அது ஈஸ்ட், சாந்தோமோனாஸ் வகையறாவிலிருந்து வந்த பழக்கம். லாக்டிக் பாக்டீரியா அமினோ அமிலம், வைட்டமின் பலவற்றைத் தானே செய்யாது. நைட்ரஜனை வெட்டினால் வளர்ச்சியே நின்றுவிடும். பாலில் வளர்க்கும்போது மோர்ப் புரத ஹைட்ரோலைசேட் சேர்த்தால் தெர்மோஃபிலஸில் இ.பி.எஸ் கூடுகிறது. கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்து ஏற வேண்டும், ஒன்றை மட்டும் ஏற்றினால் பலன் இல்லை.

---

வளர்தட்டு எழுதியது:

பாலில் வளர்த்தால் மன்னான் பிரச்சினை இல்லை அல்லவா? நேரே அதற்கே போய்விடலாமா?

---

மையவிலக்கு எழுதியது:

மன்னானுக்குப் பதில் லாக்டோஸும் கேசினும் வரும்.

10% கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைசலில் லாக்டோஸ் சுமார் 50 கி/லி. அதில் 99.9% நீக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். மீதி 50 மி.கி/லி. உங்கள் இ.பி.எஸ் 150 என்றால் மூன்றில் ஒரு பங்கு பொய். போதாததற்கு லாக்டோஸ் குளிர்ந்த எத்தனாலில் தானே படிகமாக விழும். எத்தனால் ஊற்றியதும் பளபளவென்று மணல்போல் அடியில் தங்கினால் அது இ.பி.எஸ் அல்ல. இ.பி.எஸ் இழையாகவோ பஞ்சாகவோ மிதந்து பிறகு இறங்கும். அதனால் முதல் வீழ்படிவைக் கரைத்து மறுபடி எத்தனால், பிறகுதான் டயாலிசிஸ்.

புரதத்துக்கு டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம், கடைசிச் செறிவு 4–10%, குளிரில் அரை மணி முதல் 2 மணி கலக்கல், பிறகு 10,000 ஜி 30 நிமிடம். அதிகம் ஊற்றினால் தெளிவு கூடும், புரதத்தோடு ஒட்டிய இ.பி.எஸ்-ம் கட்டியோடு போய்விடும். தெரிந்த அளவு தூய டெக்ஸ்ட்ரானைப் பாக்டீரியா ஊற்றாத பாலில் சேர்த்து, முழு முறையையும் ஓட்டி, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். இந்த மீட்பு விகிதம் தெரியாமல் இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடவே கூடாது.

ஃபினால்-சல்ஃபூரிக்: சாம்பிள் 1 மி.லி., 5% ஃபினால் 1 மி.லி., அடர் அமிலம் 5 மி.லி. அமிலத்தை நீரின் மேற்பரப்பில் நேராக, வேகமாக ஊற்ற வேண்டும், குழாய்ச் சுவரில் வழியவிட்டால் சூடு சீராக வராமல் மூன்று பிரதிகளும் மூன்று எண் காட்டும். 490 நானோமீட்டர், 10–100 மைக்ரோகிராம் வரம்புக்குள். ரம்னோஸ் நிறைந்த பாலிசாக்கரைடுக்குக் குளுக்கோஸ் ஸ்டாண்டர்டு சரியாகப் பொருந்தாது. பாதுகாப்புக் கண்ணாடி, ஃப்யூம் ஹூட் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

---

கொழகொழ எழுதியது:

ஹோமோ வகைக்காரர்களுக்கு இடம் விடுங்கள். லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ், சுக்ரோஸ் 100 கி/லி, 25 °செ. லிட்டருக்கு 40 கி டெக்ஸ்ட்ரான் வருகிறது. மேலே சொன்ன பி.எச் கட்டுப்பாடு இதற்கும் வேண்டுமா?

---

இழைநூல் எழுதியது:

வேண்டாம், வேண்டுமென்றே விடலாம். லியூகோனோஸ்டாக் நொதியை உண்டாக்க பி.எச் 6.5–6.7 நல்லது, உண்டான அந்த நொதி (டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ்) வேலை செய்ய 5.0–5.5 நல்லது. 7-ல் தொடங்கித் தானாக இறங்கும் கல்ச்சர் இரண்டையும் வரிசையாகக் கடக்கிறது. 4.5-க்குக் கீழே போகவிடாதீர்கள், நொதி படுத்துவிடும். வெப்பநிலை 30-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் செல் தாக்குப்பிடிக்கும், நொதி சிதையும். சிறிது கால்சியம் நொதியை நிலைநிறுத்தும்.

உச்ச வரம்பு: சுக்ரோஸ் 342, சங்கிலியில் சேரும் குளுக்கோஸ் அலகு 162. அதனால் 100 கிராமிலிருந்து அதிகபட்சம் 47.4 கி. உங்கள் 40 நம்பத்தக்கது. 50 வந்தால் எஞ்சிய சுக்ரோஸையோ ஃப்ரக்டோஸையோ எடை போடுகிறீர்கள்.

சுக்ரோஸை இன்னும் ஏற்றினால் சங்கிலி குட்டையாகும், சிறு சாக்கரைடுகள் கூடும். ஊடகத்தில் மால்டோஸ் இருந்தால் நொதி குளுக்கோஸை அதன் தலையில் ஒட்டும், டெக்ஸ்ட்ரான் குறையும். சுக்ரோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து பிறகு சேருங்கள். அமில ஊடகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஒரு பகுதி முன்பே உடைந்துவிடும்.

கல்ச்சர் தடித்திருப்பதால் செல் இறங்காது. சென்ட்ரிஃப்யூஜுக்கு முன் 3–5 மடங்கு நீர்க்க வேண்டும். பெரிய டெக்ஸ்ட்ரான் ஒரு பங்கு எத்தனாலிலேயே விழுந்துவிடும், ஃப்ரக்டான் தேடுபவர்கள் இன்னும் ஊற்ற வேண்டும்.

---

வளர்தட்டு எழுதியது:

புது பிளாங்க் ஓட்டுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஸ்ட்ரெயினே இ.பி.எஸ் செய்வதை நிறுத்தியிருந்தால் எப்படித் தெரியும்?

---

மையவிலக்கு எழுதியது:

லாக்டோகாக்கஸில் இ.பி.எஸ் மரபணுக் கொத்து பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டி.என்.ஏ வளையம்) இருக்கிறது. அதிக வெப்பநிலையில் வளர்த்தாலும், திரும்பத் திரும்பச் சப்கல்ச்சர் செய்தாலும் பிளாஸ்மிட் உதிரும். தெர்மோஃபிலஸில் அது குரோமோசோமில்தான். ஆனாலும் இடைச்செருகல் வரிசை, நீக்கங்களால் குணம் மாறலாம். ரம்னோசஸிலும் தட்டு பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ரூத்தீனியம் சிவப்புத் தட்டு போடுங்கள்: 10% கொழுப்பு நீக்கிய பால், 0.5% யீஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், 1% சுக்ரோஸ், 1.5% அகார், ரூத்தீனியம் சிவப்பு 0.08 கி/லி. இழை விடும் ஸ்ட்ரெயினின் காலனி வெள்ளையாக நிற்கும், இழந்தது இளஞ்சிவப்பாகும். 200 காலனியில் எத்தனை சிவப்பு என்று எண்ணுங்கள். வளையத்தால் தொட்டு மெல்ல மேலே இழுத்தால் 5 மி.மீ-க்கு மேல் நீளும் இழை வர வேண்டும். இழை வராமலும் காலனி வெள்ளையாக இருக்கலாம், கேப்சூல் மட்டும் செய்பவை அப்படி.

வெள்ளைக் காலனி ஒன்றை எடுத்து வளர்த்து, 20% கிளிசரினில் -80 °செ.யில் பல சிறு குப்பிகளாக வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புதுக் குப்பி, அதிலிருந்து இரண்டு முறைக்கு மேல் மாற்றி வளர்க்க வேண்டாம்.

---

பெர்மென்டர்காரன் எழுதியது:

தட்டை 37-ல 48 மணி வைங்க, 24-ல எண்ணாதீங்க. இளம் காலனி எல்லாமே வெளுப்பாத்தான் தெரியும்.